தண்ணீரை ஏலம் விட்ட ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அத்தான் சேசுராஜுக்கு ஆண்டவர் கொடுத்த ஒரே சொத்து அவருடைய தொண்டைதான். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. அங்கே இரும்புச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதோ, பிறவியிலேயே அப்படியோ, தாராவியில் எங்கள் சந்து முனையில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் சயான் ஸ்டேஷனில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று பேச்சு. நான் அவருடைய கொழுந்தியாள், லூசியம்மாள். அக்கா செல்வமேரியோடு அவர்கள் கோலியிலேயே, அந்த ஒற்றை அறை வீட்டிலேயே, இருந்துகொண்டு சயானில் ஒரு டிஸ்பென்சரிக்கு வேலைக்குப் போய்வந்தவள். எனக்கும் தொண்டை உண்டு. ஆனால் அதை ஒருத்தரும் சொத்து என்று சொன்னதில்லை. வாய் என்றுதான் சொல்வார்கள்.

வருஷா வருஷம் எங்கள் அந்தோணியார் குருசடி என்ற சின்னக் கோயிலின் திருவிழாவில், நேர்ச்சையாக வந்த சேவலையும் ஆட்டையும் ஏலம் விடுவது அத்தான்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கூடவே கொண்டுவந்த பழக்கம் அது. ஏலம் கேட்கிறவர்கள் சேவலுக்காகவா கேட்பார்கள்? வீம்புக்காகக் கேட்பார்கள். ஒரு வருஷம் மளிகைக்கடை பிரம்மநாயகம் அண்ணாச்சிக்கும் தோல் ஷாப் மேஸ்திரி சூசைமாணிக்கத்துக்கும் ஒரு நோஞ்சான் சேவல் மேல் போட்டி வந்துவிட்டது. அண்ணாச்சி இந்துதான். சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுகிற கையாலேயே அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். இவர் ஏற்ற, அவர் ஏற்ற, கடைசியில் ஆட்டு விலைக்குச் சேவல் போனது. சூசைமாணிக்கம் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார். அவர் பெண்டாட்டி சேசம்மாள் அந்த மாசம் முழுக்கக் கஞ்சி காய்ச்சினாள். "அந்தச் சேவல் கூவும்போதெல்லாம் என் வயிறுதான் கூவுது லூசி" என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

இந்த ஏலத்துக்குச் சட்டம் உண்டு. ஏலம் விடுகிறவர் கையில் குருசடி மணி இருக்கும். ஒரு தரம் என்று சொல்லி ஒரு அடி, ரெண்டு தரம் என்று சொல்லி ஒரு அடி, மூணு தரம் என்று சொல்லி ஒரு அடி. மூன்றாவது அடி விழுந்தால் முடிந்தது, அந்தோணியார் கேட்டுவிட்டார், இனி பேச்சு மாறக்கூடாது. கேட்கிறவர் யாரானாலும், என்ன கேட்டாலும், மணிக்காரர் மறுக்கக்கூடாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மணியைக் கீழே வைத்தாரோ, அந்தக் கை மறுபடி மணியைத் தொடக்கூடாது. அத்தான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கீழே வைத்ததில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால், போப்பாண்டவரே கையில் கொடுத்த மணி என்று நினைக்கத் தோன்றும்.

இனி அக்கா கதை. எங்கள் கோலி பலகை மாடியில் இருந்தது. குழாய் சந்து முனையில். விடிகாலையில் தண்ணீர் வரும். ஹண்டாவும் குடமுமாக வரிசை நிற்கும், அடிதடி நடக்கும், பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஏணி மாதிரி நிற்கிற படியில் ஏற வேண்டும். அறுபத்து மூன்றாம் வருஷ மழையில் அந்தப் படியில் அக்கா வழுக்கி விழுந்தாள். வயிற்றில் ஆறு மாசம். பிள்ளை போயிற்று, இடுப்பெலும்பும் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தான் மண்டியிட்டுச் சொன்னார்: "இனி உன் இடுப்புல குடம் ஏறாது மேரி. அந்தோணியார் மேல சத்தியம்." அன்றிலிருந்து குடம் என் இடுப்புக்கு மாறியது. சத்தியம் அவருடையது, சுமை என்னுடையது. நானும் சும்மா இருக்கவில்லை, தினமும் காலையில் அவருக்குக் கேட்கும்படி முனகிக்கொண்டுதான் ஏறினேன். எனக்குக் காட்கோபரில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போன பிறகு யார் சுமப்பது? அந்தக் கேள்வி அத்தானைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் வீட்டுச் சங்கம் ஒன்று ஆரம்பித்தபோது முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவர் அவர். கிறிஸ்தவர்களும் இந்துக்களுமாகப் பதினெட்டுக் குடும்பம். செம்பூரில், கோவண்டிப் பக்கம் போகிற சாலையை ஒட்டி ஒரு மனை கிடைத்தது. தொண்டைக்காக அத்தானையே செகரட்டரி ஆக்கினார்கள். அவர் தன் பங்கைத் தன் பெயரில் எழுதவில்லை. உறுப்பினர் என்ற இடத்தில் செல்வமேரி என்று எழுதினார். "படியில விழுந்தவ அவ, வீடு அவளுக்குத்தான்" என்றார். மனுஷன் சில நேரம் நல்ல காரியமும் செய்வார்.

கட்டிடத்துக்குப் படம் போட வந்தவள் ஷ்யாமளா. மாட்டுங்காப் பெண், வீட்டு முன்னறையே ஆபீஸ், தோளில் நீளமான குழாயில் படங்களைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு வருவாள். முதல் கூட்டத்திலேயே சொன்னாள்: "விலை வேற, மதிப்பு வேற. ஒவ்வொண்ணையும் பார்த்து, இது என்ன காரியம் பண்றதுன்னு கேளுங்கோ. இது இல்லாட்டா யார் கஷ்டப்படுவான்னு கேளுங்கோ. அப்புறம் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்கோ." ஆண்கள் எல்லாரும் பூசையில் பிரசங்கம் கேட்கிற மாதிரி தலையாட்டினார்கள்.

தலையாட்டுவதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. சபையில் ஒருத்தர் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்வது மரியாதை இல்லையாம். அண்ணாச்சி கீழே கடை வேண்டும் என்றால் "ஆகட்டும் அண்ணாச்சி" என்பார்கள். சூசைமாணிக்கம் ஜெபக்கூட்டத்துக்கு ஒரு ஹால் வேண்டும் என்றால் அதற்கும் "ஆகட்டும்". கூட்டம் கலைந்து சாயாக்கடைக்கு வந்த பிறகுதான் உண்மையான கூட்டம் ஆரம்பிக்கும். "இவன் ஹாலுக்கு நாம எதுக்குவே கல்லு சுமக்கணும்?" என்று ஒரு பக்கம், "அண்ணாச்சி கடைக்கு நாம கடன் கட்டணுமோ?" என்று ஒரு பக்கம். அதோடு விட்டார்களா? ஒவ்வொருத்தராக மாட்டுங்காவுக்கு ரகசியமாகப் போய், "யாருக்கும் சொல்ல வேண்டாம்மா, எனக்கு மட்டும் கொஞ்சம் பால்கனி" என்று கேட்டுவிட்டு வந்தார்கள். பதினெட்டுப் பேரும் அந்த ஒரே ரகசியத்தோடு போனார்கள்.

எல்லாவற்றையும் போட்டால் கட்டிடம் என்ன ஆகும்? கடன் கொடுக்கிற ஆபீஸிலிருந்து படம் திரும்பி வந்தது. நாங்கள் கொடுக்கிற கடனுக்குள் இந்தக் கட்டிடம் அடங்காது, குறைத்துக்கொண்டு வாருங்கள், எல்லா உறுப்பினரும் கையெழுத்துப் போட்ட படம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கெடு போனது, அடுத்த கெடுவும் போனது. கடைசிக் கெடு ஒரு திங்கட்கிழமை. அன்றைக்குப் படத்தைக் கொடுக்காவிட்டால் மனை, வரிசையில் அடுத்து நிற்கிற உல்லாஸ்நகர்க்காரர்களுக்குப் போய்விடும்.

அத்தான் ஒவ்வொரு கோலியாக ஏறி இறங்கினார். எல்லாரும் அவரை உட்காரவைத்துச் சாயா கொடுத்து, "மத்தவன் விட்டா நானும் விடுதேன்" என்றார்கள். மத்தவனும் அதையேதான் சொன்னான். அந்த வாரம் அவர் சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து தட்டை எடுத்துப் போவாள். 

திடீரென்று சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு முகம் தெளிந்தது. "ஏலம் விட்டுருவோம்" என்றார்.

"எதை?" என்றேன்.

"விட்டுக்கொடுக்கிறத. ஒரு சேவலுக்கே அம்புட்டு வீம்பு காட்டுத பயலுவ, விட்டுக்கொடுக்கிறதுல காட்ட மாட்டானுவளா? ஒருத்தன் கடைய விட்டா, இன்னொருத்தன் ஹால விடுவான் பாரு!"

எனக்கே ஒரு நிமிஷம் சபாஷ் போடத் தோன்றியது. படத்தோடு வந்திருந்த ஷ்யாமளாவுக்கும் பிடித்துப்போயிற்று. அண்ணாச்சி கடைத் தராசைக் கொண்டுவரச் சொன்னாள். கடன் எவ்வளவோ அதற்குச் சமமான படிக்கல்லை ஒரு தட்டில் வைப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும், கட்டிடத்தில் கேட்டிருக்கிற மற்ற ஒவ்வொன்றுக்கும், அதன் செலவுக்குத் தக்க ஒரு படிக்கல்லை மற்ற தட்டில் வைப்பது. முள் நடுவில் நிற்கிற வரைக்கும் ஒவ்வொன்றாக எடுப்பது. படம் புரியாதவர்களுக்கும் தராசு புரியும். தராசில் பிறந்து வளர்ந்த கூட்டம்தானே.

"ஆனா ஒண்ணு சேசுராஜ் ஸார்," என்றாள் ஷ்யாமளா. "அஸ்திவாரம், சுவர், படி இதையெல்லாம் நான் ஏலத்துக்கு விடமாட்டேன். பம்பு, மொட்டைமாடித் தொட்டி, வீட்டுக்கு வீடு குழாய், அதையும் அதோட சேர்த்துடலாம். தண்ணியை ஏலத்துல வெக்காதீங்கோ."

அத்தான் தலையை ஆட்டினார். "வேண்டாம்மா. அப்படி வெச்சா, செகரட்டரி தன் பொஞ்சாதிக்காகத் தண்ணிய ஒளிச்சி வெச்சான்னு நாளைக்கே பேச்சு வந்துரும். எல்லாம் சபையில கெடக்கட்டும். தண்ணிய எவன் விடுவான்?"

"அத்தான், சுமக்கிறவதான் விடமாட்டா," என்றேன். "அங்க ஏலம் கேக்கப் போறவன்ல எவன் குடம் சுமந்திருக்கான்?"

"நீ சும்மா இரு லூசி."

நான் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறேன், அன்றைக்குச் சும்மா இருக்க? ஆனால் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அடங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் குருசடி முற்றத்தில் கூடினோம். ஆண்கள் நடுவில். பெண்கள் வழக்கம்போலச் சுவரோரம். தராசு அந்தோணியார் பீடத்துக்கு முன்னால் தொங்கியது. கட்டிடத் தட்டு தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அத்தான் மணியை எடுத்தார். சட்டத்தைச் சொன்னார். ஒரு சுற்றுக்கு ஒரு பொருள். யார் எதை விட்டாலும் அது எல்லாருக்கும் போனதுதான். மூன்றாம் மணிக்குள் வேறொருத்தர் அதைவிடக் கனமான ஒன்றை விட்டால் முந்தினது தப்பித்துக்கொள்ளும். இலேசானதைச் சொல்லி மாற்ற முடியாது. உறுப்பினர் மட்டும் கேட்கலாம். நாளைக் காலையில் படம் ஆபீஸுக்குப் போக வேண்டும், அதனால் இதுவே கடைசிச் சபை.

 முதலில் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கடைய விடுதேன்! என் கடை தாராவியிலயே கெடக்கட்டும்!"

முற்றமே கைதட்டியது. மூன்று அடியும் விழுந்தது. ஷ்யாமளா ஒரு கல்லை எடுத்தாள், தட்டு அசைந்தது. சூசைமாணிக்கத்தின் முகம் சுண்டிவிட்டது. அடுத்த மூச்சில் எழுந்து, "ஹால விடுதேன்! ஜெபத்துக்கு மொட்டைமாடி போதும்!" என்றார். கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது. பிறகு கேட்க வேண்டுமா? ஒருத்தர் மொசைக் தரையை விட்டார், சிமெண்ட் போதும் என்றார். மூன்றாம் மணி விழுவதற்குள் அண்ணாச்சி குறுக்கே பாய்ந்து பால்கனிகளை விட்டார். அடுத்த சுற்றில் மொசைக்கும் போயிற்று. மாட்டுங்காவுக்கு ரகசியமாக நடந்த அத்தனை பேரும் தங்கள் ரகசியத்தைத் தாங்களே வெட்டிச் சாய்த்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அத்தான் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். வியர்வை வழிய, "அந்தோணியார் பாத்துக்கிட்டு இருக்காருவே! அடுத்தது யாரு?" என்று கூவினார்.

தட்டு நன்றாக மேலேறிவிட்டது. ஆனாலும் இரண்டு விரற்கடை தாழ்வு இருந்தது. வீடுகளை விட்டால், தட்டில் எடுக்கக்கூடியதாக மிச்சம் இரண்டே கல். ஒன்று தண்ணீர். இன்னொன்று முகப்பு வளைவு. வாசலில் பெரிய ஆர்ச், அதில் சங்கத்தின் பெயர், கீழே சலவைக்கல்லில் உறுப்பினர் பதினெட்டுப் பேர் பெயரும். வளைவு தண்ணீரைவிடக் கொஞ்சம் இலேசு.

எல்லார் கண்ணும் வளைவுக் கல்லின் மேல் போயிற்று. போய்விட்டுத் தரைக்கு வந்தது. கடையை விட்டவன், ஹாலை விட்டவன், பால்கனியை விட்டவன் ஒருத்தனுக்கும் கல்லில் பொறித்த தன் பெயரை விட மனசு வரவில்லை.  நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தண்ணீர்க் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூசைமாணிக்கம் எழுந்தார். "தண்ணித் தொட்டிய விடுதேன்! பம்பும் வேண்டாம் கிம்பும் வேண்டாம். கீழ ஒரு குழாய் போட்டாப் போதும். எங்க அம்மையெல்லாம் அரை மைல் சுமக்கலையா? செத்தா போனா?"

கைதட்டினார்கள். சேசுவே, கைதட்டினார்கள்! அண்ணாச்சி தோற்கக்கூடாதே, "அதுக்கு நானும் கூட்டு!" என்றார். "நானும், நானும்" என்று ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். சுமக்கிற இடுப்பு தங்களுடையதாக இருந்தால் அல்லவா தெரியும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தராசை எடுத்து அவர்கள் தலையில் போட்டிருப்பேன். நான் உறுப்பினர் இல்லை. என் வாய்க்கு அங்கே இடம் இல்லை.

ஷ்யாமளா எழுந்து, "ஒரு நிமிஷம், இது இல்லாட்டா யார் கஷ்டப்படுவான்னு கேட்டேளா?" என்றாள். யாருடைய காதிலும் விழவில்லை.

அத்தான் மணியோடு நின்றார். மறுக்க முடியாது. மறுத்தால் அவர் மணிக்காரர் இல்லை.

"ஒரு தரம்" என்றார். அந்தத் தொண்டையா அது? சுவரோரம் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மணி அடித்தது.

"ரெண்டு தரம்."

மணி அடித்தது. அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். தன் வாயாலேயே தன் சத்தியத்தை விற்கப்போகிற மனுஷனின் முகம் அது.

சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா எழுந்தாள். நான் தாங்கப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டாள். அதுவரை அவள் சபையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. திருவிழா ஏலத்தில் எந்தப் பெண்ணுமே கேட்டதில்லை.

"உறுப்பினர் செல்வமேரி கேக்கேன்" என்றாள். "தண்ணியவிடக் கனமா ஒண்ணு விடுதேன். எங்க வீட்டையே விடுதேன்."

ஒருத்தருக்கும் விளங்கவில்லை. அவளே சொன்னாள்: "பதினெட்டு வீட்டுக்குப் பதினேழு கட்டுங்க. எங்க வீட்டுக் கல்ல எடுத்துருங்க. தண்ணி இருக்கட்டும். நான் தாராவியிலயே இருந்துக்கிடுதேன். எனக்கு ஒரு பிள்ள போயாச்சி, இனிப் போறதுக்கு ஒண்ணுமில்ல. அங்க வாரவளுவளுக்கு இன்னும் பிள்ள பிறக்கும்."

பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள். ஆண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டைவிடக் கனமானது தட்டில் எதுவும் இல்லை. சட்டப்படி சரியான கேள்வி. சட்டப்படி இப்போது மணி அடிக்க வேண்டும்.

"அத்தான், வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு தரம்." மணி அடித்தது. "யாராவது மேல கேக்கியளா? ஏ, யாராவது கேளுங்கடே." கெஞ்சினார். ஏலத்தில் அவர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.  பதினேழு வீடும் தண்ணீரும் வளைவும் கிடைக்கிறது, யார் பேசுவார்கள்?

"ரெண்டு தரம்."

மணி அடித்தது. அவர் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. பிறகு மெதுவாகக் குனிந்து, மணியை அந்தோணியார் காலடியில் வைத்தார்.

முற்றத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. வயசானவர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மூணுன்னு சொன்னா என் சத்தியம் பொய்யாயிரும்," என்றார் அத்தான். "சொல்லாட்டா என் மணி பொய்யாயிரும். மணி போவட்டும்." அப்படியே திரும்பி, "சூச! இங்க வாடே. தண்ணிய முதல்ல விட்டவன் நீதான? இந்தா மணி. என் பொஞ்சாதி வீட்டுக்கு மூணாவது அடிய நீ அடி" என்றார்.

சூசைமாணிக்கம் வந்தார். வராமல் இருக்க முடியுமா, இத்தனை பேர் பார்க்கையில்? மணியை எடுத்தார். அவர் கையில் அது அசையவே இல்லை.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து அவர் பெண்டாட்டி சேசம்மாள் குரல் வந்தது. "அடிங்க. ஏன் நிக்கிய? அடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க. நாளையில இருந்து குடம் உங்க தோளுல. அந்தச் சேவலத் தூக்கிக்கிட்டு வந்தியள்ல, அதே மாதிரி தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வாங்க."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வருமே, அந்தச் சிரிப்பு. சூசைமாணிக்கம் மணியைத் திரும்பக் கீழே வைத்தார். "நான் சொன்னத நானே எடுத்துக்கிடுதேன்" என்றார், யார் முகத்தையும் பாராமல். அந்தக் குருசடி முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்த முதல் ஆள் அவர்தான்.

இதற்குள் அண்ணாச்சியின் பெண்டாட்டி சொர்ணம்மாள் எழுந்து நேரே தராசுக்கு நடந்துவிட்டாள். கனத்த உடம்பு, கடையில் கல்லாவில் உட்காருகிறவள். "எதும்மா வளைவு?" என்று ஷ்யாமளாவைக் கேட்டாள். அவள் காட்டினாள். சொர்ணம்மாள் அந்தக் கல்லை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "இந்த வளைவுல ஏறி எவனும் குடியிருக்கப் போறானா? பேரு எழுதணும்னா அவன் அவன் கதவுல சாக்பீஸால எழுதிக்கிடட்டும்."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அவள் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

தட்டு ஏறியது. முள் நடுவுக்கு வந்து, ஒரு மயிரிழை இந்தப் பக்கமே நின்றது. எல்லாரும் ஷ்யாமளாவைப் பார்த்தோம். அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "போறும். மிச்சத்தை நான் படத்துல சரி பண்ணிக்கறேன். ஆனா கையெழுத்து ஆம்படையான் மட்டும் போட்டா நான் ஒத்துக்கமாட்டேன். பெண்டாட்டியும் போடணும்." ஆபீஸ் கேட்காத கையெழுத்து அது. கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. அன்றைக்கு மத்தியானம் யார் வீட்டிலும் சோறு பொங்கவில்லை. படத்தைச் சுற்றிப் பெண்கள் நின்று, அடுப்படி எங்கே, குழாய் எங்கே என்று கேட்டுக் கேட்டு, விரலை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் சண்டையும் போட்டார்கள். ஆனால் அங்கேயே போட்டார்கள். சாயாக்கடைக்குக் கொண்டுபோகவில்லை.

திங்கட்கிழமை படம் போயிற்று. கட்டிடம் எழும்ப இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. சீட்டுக் குலுக்கியதில் அக்காவுக்கு மூன்றாம் மாடி விழுந்தது. பார்க்க மொட்டையான கட்டிடம்தான், அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரியா என்று கேட்பார்கள். அதற்குள் எனக்குக் கல்யாணமாகிக் காட்கோபருக்குப் போய்விட்டேன்.

அத்தான் திருவிழாவில் மறுபடி மணியைத் தொடவில்லை. புதிதாக ஏலம் விட வந்தவன் குரல் ஓட்டை ஆர்மோனியம் மாதிரி. சேவல் சேவல் விலைக்கே போனது. ஊர் கெஞ்சியது. அப்படி ஒரு சட்டம் திருச்சபையில் இல்லவே இல்லை, நீ எடு என்று பங்குச் சாமியாரே சொல்லிப் பார்த்தார். "சாமி, உங்களுக்குத் தெரியாது. அந்தோணியாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். ஏலம் நடக்கும்போது பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொண்டை மட்டும் ஏறி இறங்கும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே சொத்து அது, அதையல்லவா விட்டுக்கொடுத்தார்.

ஒரு தடவை நான் செம்பூரில் அக்கா வீட்டில் தங்கினேன். விடிகாலையில் கீழே பம்பு போடுவது அத்தான் வேலையாம், தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாராம். படுத்திருந்தபடியே கேட்டேன். பம்பு உறுமியது. பிறகு மாடிப்படி நடுவில் நின்று அவர் கூப்பிட்ட சத்தத்தில் ஜன்னல் கதவு அதிர்ந்தது.

"தண்ணி ஏறுதுவோய்! ஒரு தரம்!"

ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது.

"ரெண்டு தரம்!"

அதோடு நிறுத்திவிட்டார். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அக்கா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, காலிக் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். குழாய் இருமியது, காற்று விட்டது, பிறகு தண்ணீர் கொட்டியது.

"மூணு தரம்!" என்று படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள் அக்கா. அதைக் கேட்ட பிறகுதான் அவர் படியேறி வந்தார்.